படகு அனுப்பிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் போன் வந்ததும் உன் அப்பா ஓடி வந்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது, நீ உன் வேலையைப் பார் என்று அவரே பேசி முடித்து வைத்துவிடுகிறார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அங்கே பேச்சுக்கு ஆள் கிடைத்தால் சீக்கிரம் திரும்ப மாட்டார். அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

முதலில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பெற்ற அப்பாவின் பிறந்த நாளுக்குச் சட்டை அனுப்புவார்கள், செருப்பு அனுப்புவார்கள். காற்றடிக்கிற ரப்பர் படகை யாராவது அனுப்புவார்களா? முழங்கால் வலி என்று மாடிப்படி ஏற மறுக்கிற மனுஷர் அவர். பெட்டியைப் பிரித்த அன்று கூடத்தில் வைத்தே காற்றடித்து, அதற்குள் உட்கார்ந்து டீ கேட்டார். என் தையல் மிஷினுக்குப் போக வழியில்லாமல் படகைத் தாண்டித் தாண்டிப் போனேன். நீயும் உன் அப்பாவும் எப்போதும் ஒரு கட்சி. அது எனக்குத் தெரியும். ஆனால் படகை அனுப்பியவள் கரையில் நிற்க ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

படகு வருவதற்கு முன்பும் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தெருக்கோடி வேன்காரரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒரு வாரம். நூல் ஆலையின் சாயத் தண்ணீர் நின்ற குளம் இன்னொரு வாரம். ஆலையை மூடி எத்தனையோ காலம் ஆகியும் அதன் கரைக் கல் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. ஊர் உலகத்தில் குளம் பார்க்கப் போகிறவர்கள் மீன் பார்ப்பார்கள், கொக்கு பார்ப்பார்கள். இவருக்கு அடியில் என்ன இரும்பு கிடக்கிறது என்று தெரிய வேண்டும். கயிற்றில் ஒரு பெரிய இரும்பு நட்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். அது எதிலாவது மோதினால் முகம் மலர்ந்துவிடும். என்னத்துக்கு இந்த வேலை என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "தோண்டுனது நாம. தண்ணி வந்து மூடிட்டா இல்லேன்னு ஆயிடுமா?" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீயாவது சொல்லேன்.

படகு வந்த பிறகு எனக்கும் உத்தியோகம் கிடைத்தது. படகில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் கரையில் நிற்க வேண்டும். வேன்காரர் பிடிக்கக் கூடாதா என்றால், அவர் வண்டியை நிறுத்திய அடுத்த நிமிஷம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி வீட்டில் மலையாகக் கிடக்கிறது, நான் வெயிலில் கயிறு பிடித்து நிற்கிறேன். கயிற்றின் முனையில் ஒரு காலி எண்ணெய் கேனைக் கட்டி வைத்திருந்தேன். கயிற்றுக்கு வால் எதற்கு என்று கேலி செய்தார். கை நழுவினால் மிதக்கும் என்றேன். உன் கையிலிருந்து எது நழுவியிருக்கிறது இதுவரை என்று சிரித்தார்.

இத்தனை குளத்துக்குப் போனவர் நம் குவாரிப் பக்கம் மட்டும் போகவே இல்லை. நீ பிறந்து வளர்ந்த இடம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிக்காரர்கள் பம்பை நிறுத்திவிட்டுப் போனதும் ஊற்றுத் தண்ணீர் ஏறி ஏறி, இன்று அதற்கு ஏரி என்று பெயர். தண்ணீர் நீலமாக இருக்கிறதாம், எங்கிருந்தெல்லாமோ வந்து போட்டோ எடுக்கிறார்கள். அங்கே போக அவருக்கு மனசு வரவில்லை என்று நான் பாவம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். மற்ற குளமெல்லாம் அவருக்கு ஒத்திகை. கல் உடைக்கிற மிஷினின் இரும்புக் கோபுரம் இன்னும் உள்ளே நிற்கிறது, அதன் உச்சி தண்ணீருக்குக் கீழே கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும், அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று போன வாரம் கிளம்பினார். தொட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். நான் வரவில்லை என்றேன். அவர் பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தூங்குமூஞ்சி வேன்காரரை நம்பி அனுப்ப முடியுமா? போனேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படகில் போகும்போது அவர் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். எந்தக் காரியத்துக்கும் இல்லை, கழுத்து வெறுமையாக இருக்கிறதாம். அந்த விசில் உனக்கு மறந்திருக்காது. பாறைக்கு வெடி வைத்துவிட்டு அவர் நீளமாக ஒன்று ஊதினால், யாரும் எதையும் யோசிக்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். குவாரியில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, ஓரத்தில் குடியிருந்த நாமும்தான். அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு, உன்னை வாரிக்கொண்டு எத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன்.

படகு நடுத் தண்ணீருக்குப் போனது. அவர் குனிந்து கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் தைக்க வேண்டிய காலர்களை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அந்த விசில் நீளமாகக் கேட்டது.

எனக்கு நினைவு வந்தபோது நான் பழைய பம்பு ரூம் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன், வெடிக்கும்போது வாய் திறந்திருந்தால் காது தாங்கும் என்று அவர் சொல்லித் தந்தபடி. ஒரு கை காதைப் பொத்தியிருக்கிறது. இன்னொரு கை மார்போடு என் கைப்பையை இறுக்கி அணைத்திருக்கிறது. அது நீ என்ற நினைப்பு. வெடி ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. அப்போது இன்னொரு விசில் கேட்டது, பாதியில் நின்றுபோனது. வெடிக்கு அவர் இரண்டாவது தடவை ஊதியதே கிடையாது. அதுதான் என்னை எழுப்பியது.

திரும்பி ஓடினேன். கரையில் கயிறு இல்லை. கோபுரத்தின் கம்பி ஏதோ கிழித்து, படகு ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் தலை மட்டும் தெரிந்தது. கால் கம்பியில் மாட்டியிருந்திருக்கிறது. கேன் மட்டும் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் பாதம் நனைக்கவும் பயந்தவள் நான். லாரி இறங்குகிற பழைய பாதை அங்கே சரிந்து போகிறது அல்லவா, அதில் கழுத்தளவுக்கு இறங்கித்தான் கேனைப் பிடித்தேன். பிறகு இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று கேட்காதே. கால் விடுபட்டு, ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

கரையில் கிடந்து இருமி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி ஓடுன?"

"நீங்கதானே ஊதுனீங்க?"

கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிப் பார்த்தார். ஆபத்து என்றதும் கை தானாக விசிலுக்குப் போய்விட்டதாம். பிறகு சொன்னார், "அப்ப நீ செஞ்சது சரிதான்."

பரீட்சையில் மார்க் போடுகிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓவென்று அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து வேன்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, மழை பெய்ததா அக்கா என்று கேட்கிறார்.

பயப்படாதே. டாக்டர் பார்த்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார், இருமல் குறைந்து வருகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மறுநாள் சாப்பிடும்போது, கேட்காமலே, "தொட்டுட்டேன்" என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன். வழவழவென்று இருந்ததாம். அவ்வளவுதான். இதற்காகவா என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

நேற்று கூடத்தில் மறுபடியும் படகு. சைக்கிள் கடையில் பசை வாங்கி வந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுத் துண்டைக் கோணல்மாணலாக வெட்டியிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நானே வெட்டிக் கொடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

அவரை நிறுத்தச் சொல்லி எழுது என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. நீ எழுத மாட்டாய், எழுதினாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தண்ணீரில் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டை இரண்டு அனுப்பு. அவருக்கு மார்பளவு நாற்பது. எனக்கு முப்பத்தாறு, தொளதொள என்று வேண்டாம். ஆமாம், எனக்குத்தான். கரையில் நின்றால் அவர் ஊதினதும் நான் ஓடிவிடுவேன். இத்தனை வருஷம் ஓடிய கால், இனிமேல் சொன்னால் கேட்காது. படகில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எங்கே ஓடுவேன்?

அப்புறம், கரையில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். உன்னை நம்ப முடியாது, நீயும் அந்த விசிலுக்கு என்னோடு ஓடி வளர்ந்தவள்தான். மாப்பிள்ளை அதைக் கேட்டதே இல்லை. அவர் நிற்பார். லீவு இல்லை என்று இந்த வருஷமும் சொல்லாமல், அவரைக் கூட்டிக்கொண்டு வா.

எதற்கும் ஓட வேண்டிய அவசியம் வராமல் நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இருமலும் கேட்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா