ஸுஹைனாவின் கமராவைத் தொட வேண்டாம்

மாமிக்கு,

பாசிக்குடா ஹோட்டலுக்கு வேலைக்குப் போகிறேன். பிள்ளைக்கு மீன் முள் எடுத்துச் சோறு பிசைந்து வைத்திருக்கிறேன்.

கமராவை அலுமாரியில் பூட்டிவிட்டேன். அதன் பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு மிச்ச பிலிமும் கெட்டுவிடும். அது ஸுஹைனா போட்ட பிலிம். உங்கள் மகள் மௌத்தாகி, அவளை அடக்கி ஏழு மாதம்தான் ஆகிறது.

நேற்று, "பெருநாள் படம் மகன், புள்ளையத் தூக்கிட்டு நில்லுங்க" என்றீர்கள். பிறகு அவளுடைய தங்கச்சியைக் கூப்பிட்டு, "கிட்ட நில்லு றுக்ஷானா, மச்சானுக்கிட்ட என்ன வெக்கம்" என்றீர்கள். எடுத்த உடனே கமராவிலிருந்து படம் வெளியே வந்ததும் வெயிலில் பிடித்து ஆட்டினீர்கள். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

அதை உங்கள் கூடப்பிறந்த மூத்த காக்காவிடம் காட்டி எனக்கும் றுக்ஷானாவுக்கும் நிக்காஹ் பேச இருந்தீர்களாம். இன்று காலை அவளே சொன்னாள். படத்தை உங்கள் பையிலிருந்து எடுத்துவிட்டேன். நெகட்டிவ் இல்லாத படம், இன்னொன்று அடிக்க முடியாது.

என்னிடமும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. "எனக்கு கெம்பஸ்ல படிக்க இடம் கிடைச்சிருக்கு மச்சான், உம்மாட்ட நீங்களே சொல்லுங்க" என்று அழுதாள். இதோ சொல்லிவிட்டேன், இந்த நிக்காஹ் வேண்டாம்.

பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முன் வருவேன்.

முனாஸ்

பி.கு.: இது நீங்கள் உங்கள் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. இந்த நிக்காஹ் இல்லாமல் நான் இங்கே இருக்கக் கூடாதென்றால் நேரே சொல்லுங்கள், பிள்ளையோடு என் உம்மா வீட்டுக்குப் போகிறேன். ஆனால் பிள்ளை உங்கள் மடியில்தான் நித்திரை கொள்கிறாள். அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.