கமராவுக்குள் வராத செக்காரன்

ஜூட் மச்சான், என் வலப்பக்கத்துக்காரனே,

எங்கள் செக்காரன், அந்தச் செக் நாட்டுக் கால்பந்துக்காரன், விளையாட்டை விட்டுவிட்டான். இதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

கழகத்தின் இணையப் பக்கத்தில் சில வரிகள். முதுகு காட்டி நடந்துபோகும் ஒரு படம். முழங்கால் இனி விடாது என்று எழுதியிருந்தான். பிரியாவிடை ஆட்டம் இல்லை. கோல் அடிப்பவன் என்றால் ஊரையே கூட்டியிருப்பார்கள். பின்வரிசைக்காரனுக்கு இவ்வளவுதான் போல.

மெட்ரோவில் நின்றபடி வாசித்தேன். தலையை நிமிர்த்தினேன். பெட்டி நிறையச் சனம். யாரிடம் காட்டுவது?

அவனை முதலில் கண்ட நாள் நினைவிருக்கிறதா? மொன்றியலில், லாசாலில் உங்கள் வீட்டு வரவேற்பறை, தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கிண்ணம். நாங்கள் எல்லோரும் பெரிய நாடுகளின் பக்கம். நீ மட்டும் செக் அணியின் பின்வரிசையில் நின்ற ஒரு மெலிந்த பெடியனைக் காட்டினாய். "உவனைப் பாரடா. பந்தைப் பாராதை." அன்றிலிருந்து அவன் எங்கள் ஆள்.

ஜெர்மனிக்குப் போனான். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது மற்றவர்கள் ஓடினார்கள். அவன் கூடவே இறங்கி, கூடவே ஏறினான். ஒருமுறை தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளினான். அன்று நீ துறைமுகத்தில், கொள்கலனுக்காகக் காத்து நின்ற லொறிக்குள் இருந்தாய். எனக்குத் தொலைபேசி எடுத்தாய். ஒன்றும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, வைக்கிறன்."

கமரா பந்துக்குப் பின்னால் போகும். பந்து எதிர்ப்பக்கம் போனதும் அவன் திரையிலிருந்து மறைந்துவிடுவான். அவன் வாழ்வின் பெரும்பகுதி நாங்கள் காணாதது. அந்த நேரங்களில் அவன் என்ன செய்கிறான்? இதுதான் எங்கள் தீராத சண்டை.

"கத்திக்கொண்டு நிப்பான்," என்பாய் நீ.

"இல்லை. பேசாமல் நிப்பான். அவன்ரை முகத்தைப் பார்."

"உன்னைப் போலையோ? உன்னைப் போலை நிண்டா அவனை எப்பவோ வீட்டை அனுப்பியிருப்பாங்கள். உனக்கு வாய் இருக்கெல்லோ? இல்லாட்டி யூனிவர்சிற்றியிலை அடகு வைச்சிட்டியோ?"

ஞாயிறுகளில் எங்கள் பங்குக் கோயில் அணியின் பின்வரிசை நடுவில் நாங்கள் இருவர். நீ வலம், நான் இடம். எங்களுக்கு நடுவே பந்து வந்தால் நீ கத்துவாய்: "என்ரை!" அல்லது "உன்ரை!" இரண்டையும் நீயே சொன்னாய். எனக்கு வாய் திறக்கும் தேவையே வரவில்லை.

கடைசிக் காலத்தில் செக்காரன் கடல் தாண்டி இந்தக் கண்டத்து அணி ஒன்றுக்கு வந்தான். கோடையில் மொன்றியலில் ஓர் ஆட்டம். அறிவித்த அன்றே நீ இரண்டு இருக்கைகள் பதிந்தாய். கோலுக்குப் பின்னால், உச்சியில். அங்கிருந்து முழு மைதானமும் தெரியும், சண்டை தீரும் என்றாய்.

பெப்ரவரியில், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது, உன் இதயம் நின்றது.

உன் அம்மாவை ஆட்டத்துக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. மகனின் இருக்கையில் எப்படி இருக்கச் சொல்வது? மாமி தானாகவே கேட்டார். "நானும் வரட்டோ?" உன் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் செபமாலை.

"எது உங்கடை ஆள்?"

"அந்த மொட்டை, மாமி."

"ஐயோ, இந்தக் கிழவனுக்காகவோ என்ரை பிள்ளை சாப்பிடாமல் கிடந்தவன்?"

மாமிக்குப் பந்தில் அக்கறை இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ பழக்கதோஷத்தில் பந்தின் பின்னால். முழங்கையில் இடித்தார்.

"தம்பி, பந்து அங்கை கிடக்கு. இவன் ஆரோடை சண்டை பிடிக்கிறான்?"

பார்த்தேன். கையை நீட்டுகிறான். பக்கத்தில் நிற்பவனின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்துகிறான். கத்துகிறான். குரல் உச்சிவரை எட்டவில்லை. வாய் மட்டும் அசைந்தது. முழு ஆட்டமும் அப்படியே.

நீ சொன்னதுதான் சரி, மச்சான். தோற்றுவிட்டேன் என்று யாரிடம் ஒப்புக்கொள்வது?

கோல் இல்லாமல் முடிந்தது. "ஒருத்தரும் அடிக்கேல்லையே. உதுக்கோ இவ்வளவு சனம்?" என்றார் மாமி. வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பேருந்தால் இறங்கும்போதுதான் சொன்னார்: "என்ரை பிள்ளை நித்திரையிலையும் கத்துவான். இப்ப வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை."

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு நான் ஒரேயொரு ஆட்டம்தான் ஆடினேன், அந்த வசந்தத்தில். உன் இடத்தில் கெவின் என்று ஒரு புதியவன். தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் உயரப் பந்து. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பந்து நடுவில் விழுந்தது. எதிரணிக்காரன் சும்மா எடுத்துக்கொண்டு போய் அடித்தான்.

யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு நான் போகவே இல்லை.

இப்போது உள்ளரங்க ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. அணித் தலைவர் அருள் அண்ணை நேற்றுத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இந்த ஞாயிறும் வராட்டி உன்ரை இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திடுவன். கோவியாதை. பின்னுக்கு ஓட்டையாக் கிடக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆற்றங்கரைக்கு நடந்தேன், நீர் பாறைகளில் மோதிச் சத்தம் போடும் அந்த இடத்துக்கு. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன்.

"என்ரை!"

முதல் தடவை இருமல் போல வந்தது. இன்னொரு தடவை. பிறகு தொண்டை திறந்துகொண்டது. நாயோடு வந்த ஒரு பெண் நின்றுவிட்டாள்.

"சா வா, மெஸ்யூ?" சுகமோ என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"வி, வி. மெர்சி." சுகம்தான், நன்றி என்றேன்.

அவள் நம்பினாள். நாய் நம்பவில்லை.

அங்கே நின்றபடியே அருள் அண்ணைக்கு எழுதினேன்: வாறன்.

மச்சான், உன்னைப் போல எனக்கு வராது. தெரியும். ஆனால் ஞாயிறு அன்று கெவின் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் குரல் அவனிடம் போயிருக்கும். பிழையாகச் சொன்னாலும் சொல்வேன். பந்து மறுமுனையில் கிடக்கும்போதும், எங்களை ஒருத்தரும் பார்க்காதபோதும், கத்திக்கொண்டே நிற்பேன்.

இன்னும் இடப்பக்கத்தில் நிற்கும்,
உன் மச்சான்
நிரோஜன்