ராமென் கடையில் மாமி

13 மார்ச் 2025, வியாழன்
முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இன்றுதான் திரும்ப வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிற வேலை. ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. நல்லது.

முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஜப்பான்காரக் கடை, ராமென் விற்கிறது. என் மனுசன் கஜீவனும் நானும் ஒருநாளும் உள்ளே போனதில்லை. கண்ணாடி முழுக்க ஆவி. போனேன். கோழிச் சூப், அதற்குள் நூடில்ஸ், பாதி அவிந்த முட்டை. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வாசலில் பனி அள்ளப் போன மனுசன் விழுந்து செத்து ஒரு மாதம்தான் ஆகிறது, நான் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறேன்.

வீட்டில் மாமி இடியப்பம் அவித்து வைத்திருந்தா. பசியில்லை என்றேன். தன்னுடைய மகன் போன வீட்டில் தனிய இருந்து அவிக்கிறா.

20 மார்ச்
இன்றும் போனேன். அங்கே எல்லோரும் கிண்ணத்துக்குள் குனிந்தபடிதான். அழுகிறவள் குனிந்தாலும் தெரியாது.

3 ஏப்ரல்
மேல்மாடித் தாட்சாயினி அக்கா என்னைக் கடையில் கண்டிருக்கிறா. நான் வர முதலே செய்தி வந்துவிட்டது. மாமி சட்டியை மூடிக்கொண்டு என் முகம் பாராமலே கேட்டா: "நான் சமைக்கிறது இறங்காது. கடைச்சாப்பாடு இறங்குதோ?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அவரின்ரை கதிரையைப் பார்த்துக்கொண்டு என்னெண்டு மாமி சாப்பிடுறது? அந்தக் கடையிலை அவர் ஒருநாளும் இருக்கேல்லை. அதுதான் போறன்!"

கத்திவிட்டேன். மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

6 ஏப்ரல்
சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை இல்லை. மாமி தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறா.

10 ஏப்ரல், வியாழன்
வேலை முடிந்து வர, ஆஸ்பத்திரி வாசலில் மாமி நிற்கிறா. பெரிய கோட்டும் தொப்பியும் போட்டு, பஸ் பிடித்துத் தனிய வந்திருக்கிறா. "உந்தக் கடையைக் காட்டு."

மாமி வியாழனில் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டா. காளான் சூப் எடுத்தோம். மாமியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடித்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றி மடியில் வைத்தா. குச்சியில் நூடில்ஸ் நிற்கவில்லை. முள்ளுக்கரண்டி கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய், இரண்டு வாய். பேந்து கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னா:

"அவன் இருந்தால், இது சப்பான்காரன்ரை இடியப்பச் சொதி எண்டு சொல்லியிருப்பான்."

செத்தவீடு முடிந்த பிறகு நான் அன்று கத்தினதைத் தவிர, எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவ நொந்துபோவா என்று நான் சொல்லவில்லை. நான் நொந்துபோவேன் என்று அவ சொல்லவில்லையாம். சிரிப்பு வந்தது எனக்கு. அது நடுவிலேயே அழுகையாகிவிட்டது. மாமி என்னைத் தடவவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "சாப்பிடு, ஆறுது" என்றா.

22 மே
வியாழக்கிழமைகளில் மாமி இப்போது என்னைவிட முதல் வந்து மேசை பிடிக்கிறா. கடைப் பெடியனுக்குப் பிரெஞ்சில் "பொன்சூர்" சொல்கிறா. இன்று அவ சொன்னது, கஜீவன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுவிட்டுக் கடலுக்குப் போன கதை. எனக்குத் தெரியாத கதை! பத்து வருசம் கலியாணம் கட்டியிருந்தும் அந்த மனுசன் எனக்குச் சொல்லவேயில்லை.

14 ஜூன்
ரொறன்ரோவிலிருந்து உதயன் அத்தான் வந்திருக்கிறார், கஜீவனின் தமையன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவாம். "நீர் வேலைக்குப் போனால் அம்மா தனிய. உமக்கும் இன்னும் வயசு கிடக்கு, நிருஷா. வாழ்க்கையைப் பாரும்." நல்ல மனுசன். நல்லதைத்தான் நினைக்கிறார்.

மாமி என்னைப் பார்த்தா. இங்கேயே நிற்கட்டும் என்று நான் சொல்லவேண்டும் போல ஒரு பார்வை. என்னெண்டு சொல்லுறது? அவர் மாமி பெத்த பிள்ளை. நான் ஆர்? கஜீவன் இருந்தால்தானே நான் மருமகள்?

தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன்.

15 ஜூன்
போய்விட்டா. காரில் ஏறும்போது கையைப் பிடித்தா. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? ஏன்?

26 ஜூன், வியாழன்
கடைக்குப் போகவில்லை.

17 ஜூலை
மாமி போன் எடுத்தா. சுகமோ, சுகம். சாப்பிட்டாச்சோ, ஓம். பின்னால் பிள்ளைகளின் சத்தம். அவ்வளவுதான்.

28 ஆகஸ்ட்
இரவெல்லாம் யோசித்து, விடிய நானே எடுத்தேன். "மாமி, உங்களுக்கு அங்கை சரியெண்டால் இருங்கோ. சரியில்லையெண்டால்... இஞ்சை வாங்கோ. எனக்கு நீங்கள் வேணும்."

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"யோசிக்கிறன் பிள்ளை" என்றா.

21 செப்டெம்பர், ஞாயிறு
காலமை உதயன் அத்தானின் போன். குரலில் கொஞ்சம் மனக்கசப்பு. "அம்மா அங்கை வர வெளிக்கிட்டிட்டா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தன், கேக்கேல்லை. பஸ் ஸ்ராண்டுக்குப் போம்."

போனேன். மாமியின் கையில் ஒரு பை, மெலிந்திருந்தா. பையை வாங்கினேன். மெற்றோவில் இருக்க இடம் கிடைத்தது.

"அங்கை ஏதும் பிரச்சினையோ மாமி?"

"ஒண்டுமில்லை. தங்கமாய்ப் பார்த்தவங்கள்." யன்னல் பக்கம் திரும்பினா. வெளியே இருட்டுச் சுரங்கம்தான். "ஆனால் கஜீவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நான் துவங்கினாலும் 'விடுங்கோ அம்மா' எண்டுவினம். என்ரை பிள்ளையை நான் ஆரோடை கதைக்கிறது?"

"அவர் சின்னனிலை எப்பிடி?" என்றேன். "நடக்கத் துவங்கேக்கை?"

மாமி என் பக்கம் திரும்பி இருந்தா. கதவடியில் நின்றவர்கள் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, கையையும் காலையும் ஆட்டிச் சொல்லத் தொடங்கினா. எங்கள் ஸ்ரேசன் வந்தது. கதவு திறந்து, மூடியது. நான் எழும்பவில்லை.