ஓதிவிட்டால் பேசமாட்டாள்

ஆடி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். செங்கோட்டை ரயிலில் நனைந்த சட்டை, வேலை பார்க்கும் மரக்கடையில் சாயங்காலம் வரை காயவில்லை. குற்றாலத்தில் குளிக்க மேலப்பாளையத்து மாமி குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறாள். வீடெல்லாம் ஈரத்துணி, எண்ணெய்ப் பிசுக்கு.

கொழும்பில் துணிக்கடை வைத்திருக்கும் அக்காள் புருஷன், வேலைக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்குள் பதில் போட வேண்டும். மைமூனிடம் கேட்காமல் எப்படி? பகலில் பெண்டாட்டியோடு பேச இந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. படுக்கும்போதுதான். நாங்கள் படுக்கும் நெல் அறைக்குள் நான் நுழைவதற்குள் அவள் பாயை உதறி, ஓதி, உள்ளங்கையில் ஊதி, உடம்பில் தடவி, வலப்பக்கம் திரும்பியாயிற்று. தூங்கும் முன் கடைசிப் பேச்சு அந்த துஆவாகத்தான் இருக்க வேண்டுமாம். அப்புறம் வாயே திறக்கமாட்டாள்.

ஆடி 5, செவ்வாய்

முந்திப் போய்க் காத்திருந்தேன். வந்தாள். "மைமூன், கொழும்புல இருந்து..." என்றேன். உடனே ஆயத்துல் குர்ஸியை ஆரம்பித்துவிட்டாள். ஓதுகிறவளை நிறுத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வேண்டுமென்றே செய்கிறாள்.

ஆடி 6, புதன்

வாங்க: மண்ணெண்ணெய், சாம்பிராணி, மாமிக்கு வெற்றிலை.

முற்றத்தில் மாமி: "ஏட்டி, நாளைக்கு ஐந்தருவிக்குப் போவமா, பெரிய அருவிக்கா?" அவளுக்கு அந்தக் கவலை.

மஃரிப் தொழுதுவிட்டு, ஓதினபின் பேசக் கூடாதா என்று பள்ளிவாசல் ஹஜரத்தைக் கேட்டேன். சிரித்தார். "தேவைன்னா பேசலாம் தம்பி. பேசிட்டு மறுபடி ஓதிக்கிட வேண்டியதுதான்."

ஓதி முடித்ததும் இதை அவளிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், மூடிக்கொண்டாள். சீ என்று போய்விட்டது. பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படுத்தேன். அங்கே சாரல் அடித்தது.

ஆடி 7, வியாழன்

இனி கேட்பதாக இல்லை. வருகிறேன் என்று கார்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. குளிருக்குச் சட்டையோடு படுத்தேன்.

ஓதினாள். இன்று ஊதின கையால் என் தலையையும் தடவினாள். முகம், நெஞ்சு. பையில் கார்டு தட்டுப்பட்டது. கை நின்றுவிட்டது.

பேசினாள்.

"எங்க வாப்பாவும் கொழும்புக் கடையிலதான் ஒறங்கின எடத்துலயே, எந்திரிக்காம, மௌத்தானாவ. ஓதிட்டுப் படுத்தாவளா, யாரையும் ஏசிட்டுப் படுத்தாவளா, சொல்ல ஒரு ஆளு இல்ல. நீங்க கொழும்புன்னு ஆரம்பிச்சா எனக்குச் சண்டைதான் வரும். சண்டை போட்டுட்டு ஒறங்கப் பயமா இருக்கு. அதான் பேசல. போவாதிய."

சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

ஆடி 8, வெள்ளி

வெயில். மாமி கிளம்புகிறாள், அல்ஹம்துலில்லாஹ். கார்டு பையில்தான். ஸ்டேஷன் தபால்பெட்டியைத் தாண்டிப் போய்விட்டேன். மச்சான் ஏசுவார், ஏசட்டும்.

எரிச்சல் மட்டும் தீரவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். இன்று ராத்திரி ஓதுவதற்கு முன் அவளே பேசட்டும். நான் வாய் திறப்பதாக இல்லை.