பின் சீட்டில் இடமில்லை

மார்ச் 3, ஞாயிறு

பல் டாக்டரும் மைத்துனியும் மறுபடியும் கேம்பிங் போய்விட்டு வந்திருக்கிறார்கள். மாதம் தவறுவதில்லை. இருப்பது இரண்டே பேர். அதற்கு 'ஃபேமிலி கேம்பிங்' என்று பெயர். ஊர் திரும்பியதும் நேராக இங்கேதான் வந்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் என்ன? உடம்பெல்லாம் விறகுப் புகை வாசம். அதை நாங்கள் முகர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இயற்பியலில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் இந்தக் குடும்பத்தில் 'டாக்டர்' என்றால் பல் பிடுங்கும் என் சகலை ஒருவன்தான். மாமனாருக்கு நான் இன்றைக்கும் 'வாத்தியார் மாப்பிள்ளை'. மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

என் பெண் பாப்பா அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கேம்பிங்கில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதிமூன்று வயது. என்னோடு உட்கார்ந்து எதையாவது பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? இவ்வளவு தூரம் போக எவ்வளவு சாமான் வேண்டும் என்று அவனைக் கேட்டாள்.

"ஆளுக்கு ஒரு பை. தூக்க முடியலைன்னா அது தேவையில்லாத சாமான்."

நான் தொண்டை கிழியச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதவள், இதற்குத் தலையை ஆட்டுகிறாள்.

அவர்கள் போன பிறகு, "பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு ஒரு பை போதும்தான்" என்றேன். மனைவி விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 5

சாப்பிடும்போது பாப்பா ஆரம்பித்தாள். மே மாத விடுமுறையில் பத்து நாள் ஏரிக்கரைக்குப் போகிறார்களாம். சித்தப்பா கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். என்னைக் கேட்காமலே!

"எதுக்கு அவங்களோட? நாமளே போகலாம்" என்றேன்.

"நாமளா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் போனதே இல்லையா? அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருமுறை போனோம். மழை வந்தது, இரவு தங்காமல் திரும்பிவிட்டோம். அது கணக்கில் வராதா?

மார்ச் 16, சனி

முகாம் சாமான் கடைக்கு மனைவியோடு போனேன். கடைக்காரர் முதல் கேள்வியே இதுதான்: "வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்க சார்? அதுக்குத் தகுந்த மாதிரிதான் எடுக்கணும்."

"மாசம் ரெண்டு தடவை" என்று வாயில் வந்துவிட்டது.

மனைவி மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரருக்கோ மரியாதை பொங்கிவிட்டது. ஆறு பேர் படுக்கும் கூடாரம், மடக்கு மேஜை, நாற்காலிகள், காற்றடிக்கும் மெத்தைகள், இரட்டை அடுப்பு, தண்ணீர்க் கேன், பேட்டரி விசிறி. இத்தனை தடவை போகிறவருக்கு மட்டமான சரக்கைக் கொடுக்க மனசு வரவில்லை என்றார்.

காரில் ஏறியதும் மனைவி, "விசிறி எதுக்குங்க? காத்து வாங்கத்தானே வெளியில போறோம்?" என்றாள். சகலையிடம் விசிறி கிடையாது. அதுதான் எதற்கு என்பதற்குப் பதில். சொல்லவில்லை.

ஏப்ரல் 4

அக்காளும் தங்கையும் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள்: சனிக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து. யாரைக் கேட்டு? சரி, வரட்டும். முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று அவனும் பார்க்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

ஆற்றங்கரை. மடக்கு மேஜையில் எழுதுகிறேன். ஆட்டம் இல்லாத நல்ல மேஜை.

விடியற்காலையிலேயே எழுந்து காரில் சாமான் ஏற்றினேன். டிக்கி நிரம்பியது. பின் சீட்டும் கூரை வரை நிரம்பியது. அழகாக, இண்டு இடுக்கு விடாமல் அடுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவளுக்கு இடமில்லை.

மெத்தையை எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. வெளியே எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும். அதற்குள் அவன் கார் வந்துவிட்டது.

"பாப்பா நம்ம கார்ல வரட்டும் அண்ணா. பின்னாடி காலியாத்தானே இருக்கு."

மூன்று மணி நேரம் அவன் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினேன். கண்ணாடி வழியாக அவள் பின்னந்தலை தெரிந்தது. மூவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு? முந்திப் போகலாம் என்று பார்த்தேன். சுமையில் வண்டி இழுக்கவில்லை.

கூடாரத்தை நிறுத்த மதியம் ஆகிவிட்டது. அவன் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். ஈரத் தலையோடு பாப்பா ஓடி வந்து, "வரலையாப்பா?" என்றாள். எல்லாரும் போய்விட்டால் சாமானை யார் பார்த்துக்கொள்வது என்றேன். நாற்காலி மேல் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

ஏப்ரல் 7

வீடு. திரும்பும்போதும் அவள் அவன் காரில்தான்.

எல்லாம் வசதியாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள். கோபமே இல்லாமல், படியேறிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வந்த மாதிரியே இல்லப்பா."

நான் வரவில்லையா! யார் ஓட்டியது, யார் ஏற்றியது, யார் இறக்கியது? எவன் குளித்துக் கும்மாளம் போட்டானோ அவன் வந்தவன். நான் வந்தவன் இல்லை.

ஏப்ரல் 8

விசிறியை ஒருமுறைகூடப் போடவில்லை.

ஏப்ரல் 28

பத்து நாள் ஏரிக்கு அனுமதி கேட்டு நிற்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "அவ போறது பிடிக்கலையா, அவரோட போறது பிடிக்கலையா?"

இரண்டும் ஒன்றுதானே? ஒன்றில்லை. தெரியும்.

மே 2

போகட்டும் என்று சொல்லிவிட்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி சித்தப்பாவுக்குப் போன்.

மே 7

கல்லூரிக்கே போன் செய்துவிட்டான். "நீங்களும் வாங்க அண்ணா. பாப்பா உங்களைக் கேக்கத் தயங்கறா. அதான் நான் கேக்கறேன்."

என் பெண் என்னிடம் தயங்குவது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் பெருந்தன்மை வேறு. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வகுப்பில் இருமுறை தப்பாக எழுதி அழித்தேன்.

மே 14, செவ்வாய்

ஏரி. வேலை இருக்கிறது என்று சொன்னவன் அவன் காரிலேயே வந்துவிட்டேன். பின் சீட்டில், நடுவில். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் பாப்பா. முட்டி இடித்தது. நன்றாகத்தான் ஓட்டுகிறான், அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

சமைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தார்ப்பாய். கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. பாப்பா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள், நூடுல்ஸ் பாதி வெந்திருந்தது. ஒரு பக்கத்தை நான் தூக்கிப் பிடித்தேன். எதிர்ப்பக்கத்தை அவன் பிடித்தான்.

"விடாதீங்க ரெண்டு பேரும்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பாத்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தோள் விட்டுப்போனது. சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது. முதலில் கையை இறக்குவது நானாக இருக்கக் கூடாது என்று நின்றேன். எதிரே அவனும் ஒரு கையால் மறு முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை, அவளை. அவனும் இறக்கவில்லை.