பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது

அக்கா,

இன்று காலை நூலகக் கணினியைத் திறந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. உங்கள் ஊர்க் கால்பந்து அணியின் படத்தைப் பார்த்து நோர்வேயில் வாழும் ஒரு பெண் எழுதியதை இணைய நூலகத்தார் எனக்கு அனுப்பியிருந்தார்கள். "முன்வரிசையில் பந்தோடு இருப்பவர் என் அப்பா. அவருடைய இளவயதுப் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. பெயர் சொல்லி அடையாளம் காட்டியவருக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். அந்த நன்றியை உங்களிடம் சேர்க்க வேறு வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கி, மன்னாரில் எங்கள் நூலகத்தைத் திரும்பத் திறந்திருந்த புதிது. அலுமாரிகள் வந்துவிட்டன, புத்தகங்கள் வரவில்லை. ஒரு கணினியும் நானும்தான். நீங்கள் தலைமன்னார் பஸ்ஸில் வந்து இறங்கி, உங்கள் ஊர்க் கோயிலின் பழைய திருவிழா மலர் ஒன்று வேண்டும் என்றீர்கள். எந்த ஆண்டு என்று கேட்டேன்.

"அது தெரியாது பிள்ளை. பச்சை மட்டை. உள்ளுக்கு எங்கட ஊர் ஃபுட்போல் ரீமின்ர படம் இருக்கு. அதில தம்பி நிக்கிறான்."

தம்பி போர்க்காலச் செல்லடியில் இறந்துபோனதையும், இடம்பெயர்ந்த வழியில் அல்பம் தொலைந்ததையும் பிறகுதான் சொன்னீர்கள். "முகம் மறந்துகொண்டு வருது. அதுதான் பயமாக் கிடக்கு" என்றீர்கள்.

பழைய மலர்களைப் படமெடுத்துச் சேர்த்துவைக்கும் இணைய நூலகத்தில் அந்த மலர் இல்லை. வாசகர்கள் வேண்டுகோள் எழுதும் பக்கத்தில் உங்கள் சார்பில் எழுதிப் போட்டேன். அதன்பின் ஒவ்வொரு புதனும் வந்தீர்கள். இன்னும் ஒன்றும் இல்லை அக்கா என்பேன். "ஓம், அப்ப வாற புதனும் வாறன்" என்பீர்கள். நீங்கள் படியிறங்கும்போது, வீணாக ஆசை காட்டிவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கனடாவில் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அந்த மலரைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். படத்தை அனுப்பினார். ஆனால் இரண்டு பக்கங்களும் சேரும் மடிப்புக்குள் உங்கள் தம்பியின் பாதி முகம் மறைந்திருந்தது. நீங்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள். உங்களிடம் கேட்காமலே அவருக்குத் திரும்ப எழுதினேன். முன்பின் தெரியாத அந்த மனிதர், தன்னிடமிருந்த ஒரே பிரதியில் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த கம்பியைக் கழற்றித் தாளை விரித்து, மறுபடி எடுத்து அனுப்பினார்.

அடுத்த புதன் அதைத் திறந்தோம். இணைப்பு மந்தம். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் தலைமுடிகள், பிறகு நெற்றிகள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது முகம் முழுதாகத் தெரிந்தபோது நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன்.

"சப்பாத்து இரவல் வாங்கிப் போட்டவன்" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்போடு மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினீர்கள். படத்தின் கீழே பெயர்கள் அச்சாகியிருக்கவில்லை. பதினொரு பேரையும் யார் மகன், எந்த ஒழுங்கையில் வீடு என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்து, படத்தோடு இணைய நூலகத்துக்கு அனுப்பினேன். பிறகு வந்த புதன்களில் மற்ற மலர்களிலும் பெயரில்லாத முகங்களைத் தேடினோம். உலகத்தின் எங்கெங்கோ இருந்து அண்ணன்மாரும் பிள்ளைகளும் எழுதினார்கள். அந்தப் பதில்களை உங்களுக்கு வாசித்துக் காட்டுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

சென்ற மாரியில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. அச்செடுத்த தம்பியின் படத்தைக் கடையில் லமினேட் செய்யப் போன நாளை இப்போது நினைக்கிறேன். கடைக்காரர் "தாங்கோ, பின்னேரம் வந்து எடுங்கோ" என்றார். நீங்கள் கொடுக்கவில்லை. மெஷினுக்குள் போகும்வரை ஒரு நுனியைப் பிடித்தபடியே நின்றீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை விட்டு ஓடியவர்களிடம், பிறகு தருகிறேன் என்று எதையும் வாங்கிப் போகக் கூடாது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இப்போது நானே ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு பழைய படங்களைத் தேடி வீடுகளுக்குப் போகிறேன். போன கிழமை ஓர் அம்மா கலியாணப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கொண்டு போனால் எப்ப தருவீங்கள்?" என்று கேட்டார்.

"கொண்டு போக மாட்டன் அம்மா. நீங்களே பிடிச்சுக்கொண்டிருங்கோ, நான் எடுக்கிறன்" என்றேன்.

படத்தின் ஓரத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருக்கிறது. அதை வெட்டாமலே இணையத்தில் ஏற்றினேன்.