கவர் பண்ணப் போன இடத்தில்

ஜூலை 19, சனி

காற்று. சாரல் புளியங்குடியோடு நின்றுவிட்டது போல. இங்கே மண் மட்டும் பறக்கிறது.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி ஜவுளிக்கடை அண்ணாச்சி புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கடைப் பெயர். இத்தனை மாதம் சும்மா கிடந்தது. இன்று எழுத எடுத்தால் அவரைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. மன்னிக்கணும் அண்ணாச்சி, வேறு தாள் இல்லை.

நடந்தது இது. எங்கள் தெரு அடிபம்பில் சாயத் தண்ணீர் வருவது பற்றி எழுதி முடித்துவிட்டேன். சாயப் பட்டறை அண்ணாச்சியுடையது. அவர் பதிலைக் கேட்காமல் எங்கள் செய்தித் தளத்தில் ஏற்றக் கூடாது. அது ஜமீலா அக்கா வைத்த விதி. தளத்தின் ஆசிரியர், முதலாளி, கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அக்காதான். மற்றதெல்லாம் நான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கல்லாவில் அண்ணாச்சி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம் மறந்து போனது.

“அண்ணாச்சி, சாயத் தண்ணி மேட்டரு... கவர் பண்ண வந்திருக்கேன்.”

“இதுக்கா பிள்ள இவ்வளவு தயங்குத?” திரும்பிக் கணக்குப்பிள்ளையிடம், “வே, பிள்ளைக்கு ஒரு கவரு போட்டுக் குடும்.”

பதிலை எழுதித் தருகிறார்கள் என்று நினைத்தேன். “தேங்ஸ் அண்ணாச்சி” என்று வேறு சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வந்து பையிலிருந்து எடுத்துப் பார்த்தால், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர். ‘மணமக்கள் வாழ்க’.

பிரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வாங்க: சீயக்காய், அம்மாவுக்கு முட்டுவலித் தைலம், போன் ரீசார்ஜ்.

அடிபம்புத் தண்ணீர் இன்று ரோஸ். அப்பா குடத்தைப் பார்த்துவிட்டு, “ஆவணி முகூர்த்தச் சேலைக்கு இப்பமே சாயம் ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க” என்றார். சிரித்தார். தறி ஓட்டுபவருக்குச் சேலை நிறம் முதலில் குடத்தில்தான் தெரிகிறது.

கவரை எங்கே வைப்பது? அம்மா சேலை மடிப்பில் வைத்தால் நம் வீட்டுப் பணம் போலாகிவிடும். இந்த டைரிக்குள்தான் இருக்கிறது. அவருடையதுக்குள் அவருடையது.

பிளஸ் டூவில் நல்ல மார்க் என்று அண்ணாச்சி மேடையில் சுடிதார் துணி கொடுத்தார். கல்லூரிக்கு முதல் நாள் அதைத்தான் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அதுவும் கவர்தானா? இல்லை, அது வேறு. வேறா?

ஜூலை 21, திங்கள்

அக்கா மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். “ஏட்டி, நீ அவர கவர் பண்ணப் போன. அவரு உன்னய கவர் பண்ணி அனுப்பிட்டாரு. அல்லாவே, அதுவும் மொய்க் கவரு!”

பிறகு சிரிப்பு நின்றது. “நீ வாங்கிட்டல்லா. அவரப் பொறுத்தவரைக்கும் செய்தி அங்கனயே முடிஞ்சு போச்சு. திருப்பிக் குடுத்துட்டுக் கேள்வியக் கேட்டுட்டு வா.”

தேங்ஸ் சொன்னதை மறைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். மறுபடி சிரித்தார்.

இந்த மாதம் சர்வருக்குக் கட்டாவிட்டால் தளம் நின்றுவிடும். கடையநல்லூரிலிருந்து வளைகுடா போன அக்காவின் சொந்தக்காரர்கள்தான் இதுவரை சந்தா கட்டினார்கள். பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு யாரும் கட்டுவதில்லை. நேரிலேயே சண்டை போடலாமே.

சென்னையில் ஓர் அறக்கட்டளை உதவலாம். தந்தாலும் தைக்கு மேல்தான். மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார்கள்: பொது விவாதத்துக்கு உங்கள் தளத்தின் பங்களிப்பு என்ன?

அக்கா: “டீக்கடையில என்னய ஏசுதாங்க. அது சேருமா?”

சேரும் என்றேன். எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

போனேன். கவரைக் கல்லாவில் வைத்தேன்.

“என்ன பிள்ள, கம்மியா இருக்கோ?”

“பிரிக்கவே இல்ல அண்ணாச்சி. நான் சொன்னது செய்தி கவர். இந்தக் கவர் இல்ல.”

கணக்குப்பிள்ளை சத்தமாகச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. காபி வரவழைத்தார். குடித்தேன். குடித்திருக்கலாமா?

“சரி, வெளம்பரமா வச்சுக்கிடுங்க. வருசம் பூராவும் நம்ம கடை வெளம்பரம். ஊரறியத்தான தாரேன்? செய்தியப் போடாதன்னு நான் சொன்னனா?”

“தண்ணி பத்தி ஒங்க பதில்...”

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?”

போனில் இருந்த வரைவைப் படித்துக் காட்டினேன். பெயர் சொல்ல விரும்பாத பெண். பெயர் சொல்ல விரும்பாத தறித் தொழிலாளி. பெயர் சொல்ல விரும்பாத இன்னொருவர். படிக்கப் படிக்க எனக்கே குரல் இறங்கியது.

“பேரே இல்லாதவங்களுக்கு நான் என்னத்தப் பதில் சொல்ல, தாயி? பேரோட ஒருத்தர் நிக்கட்டும். சொல்லுதேன்.” எழுந்தபோது, “ஒங்க அப்பா அங்கனதான ஓட்டுதாரு? நல்ல மனுசன். கேட்டதாச் சொல்லு.”

மிரட்டலா, நலம் விசாரிப்பா? அப்பா வேலை பார்க்கும் தறிக்கூடத்துச் சேலை எல்லாம் அவர் கடைக்குத்தான் போகிறது. ஆனால் அப்பாவை எல்லாரும்தான் நல்ல மனுசன் என்கிறார்கள்.

ஜூலை 23, புதன்

தலைவலி. காற்றில் கரண்டு போய்ப் போய் வருகிறது.

விளம்பரம் வாங்கினால் என்ன என்று அக்காவிடம் கேட்டே விட்டேன். பெரிய பத்திரிகைகள் வாங்குகின்றனவே. என் சம்பளமும் அதிலிருந்துதானே வரும்.

“வாங்கலாம். நாளைக்கு அந்தப் பட்டறையில இன்னொண்ணு நடக்கும். நீ எழுத ஒக்காரும்போது ஒன் கை செத்த நேரம் நிக்கும். அந்தச் செத்த நேரத்துக்குத்தான் அவரு துட்டுக் குடுக்காரு.”

இப்போதே நிற்கிறது, துட்டு வாங்காமலே.

அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்: ‘மன்னிக்கணும், விளம்பரம் இப்போதைக்கு வேண்டாம்.’ ‘இப்போதைக்கு’ என்பதை எடுக்கச் சொன்னார் அக்கா. எடுத்தேன். பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம். என்ன பொருளோ.

சந்தா விதி: யாரானாலும் ஒரே அளவு, மாதம் ஒரு பிரியாணி விலை. கட்டியவர் பெயர், ஊர், தொழில் தளத்தில் வரும். யார் காசில் பேசுகிறோம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். நல்ல விதிதான். அதனால்தான் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெயரும் இல்லை.

பக்கத்து வீட்டு மாரியம்மாக்கா: “துட்டு தாரேன் பிள்ள. பேரு மட்டும் வேண்டாம்.”

அதை ஜமீலா அக்காவிடம் சொன்னேன். “பேரில்லாத துட்டா? அதுவும் கவருதான்டி.”

வெள்ளிக்கிழமை செய்தியை ஏற்ற வேண்டும். பெயரோடு ஒருத்தராவது வேண்டும், அண்ணாச்சி கேட்டது நியாயம் என்கிறார் அக்கா. சந்தா கேட்பதும் அதே தெருவில், அதே ஆட்களிடம். “கேக்கதுதான் நம்ம தொழிலு. போய்க் கேளு.”

கேள்வி கேட்க ஓரளவு வருகிறது. துட்டும் பெயரும் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தறி லீவு. அப்பா வீட்டில். வாழைக்காய், பூசணிக்காய், வடை.

அம்மா: “பேங்குப் பரீட்சைக்குப் படிச்ச பிள்ள. அடிபம்பப் பத்தி எழுதிக்கிட்டு அலையுதா. நாளைக்கு இந்த மனுசனத் தறிக்கு வராதன்னு சொன்னா யாரு கஞ்சி ஊத்துவா?”

அம்மா சொல்வதும் சரி. அக்கா சொல்வதும் சரி. அண்ணாச்சி சொல்வதும், யோசித்தால், சரிதான். எல்லாரும் சரியாக இருந்தால் தண்ணீர் எப்படி ரோஸாக வருகிறது?

சாப்பிட்டதும் அப்பா என் போனை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டு வரைவைப் படித்தார். எழுத்துக் கூட்டி. ஒரு இடத்தில் நின்றார்.

“பெயர் சொல்ல விரும்பாத தறித் தொழிலாளி... இது நான்லா?”

“ஆமாப்பா.”

“நான் இவ்வளவு தெளிவாவா பேசுனேன்?” அவருக்குச் சந்தோஷம். மறுபடி முதலிலிருந்து படித்தார். அம்மா வடைச்சட்டியை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது கேட்டேன். அம்மா முன்னாலேயே.

“அப்பா, ஒங்க பேருல ஒரு சந்தா போடணும். அந்தப் ‘பெயர் சொல்ல விரும்பாத’ங்கத எடுத்துரட்டுமா?”